ஃபிட்லர் ஆன் த ரூஃப்: மூன்றாவது மகளுக்காகப் பாருங்கள்

கேள்வி: ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ இசை நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோகும் குழு ஒன்று எங்கள் நகரத்துக்கு வருகிறது. திரைப்படத்தை எப்போதோ பார்த்த நினைவு. யூதர்களின் வாழ்க்கை பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அறுபது ஆண்டுப் பழைய நாடகத்துக்கு இவ்வளவு விலை கொடுத்து டிக்கெட் வாங்கலாமா? போவதற்கு முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்:

வாங்குங்கள். விலை குறைந்த மாடி இருக்கையாக இருந்தாலும் வாங்கிவிடுங்கள்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த நாடகத்தைப் பலர் ‘பழைய மரபுக்கும் புதிய காலத்துக்கும் நடக்கும் மோதல்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த வரியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால், முதல் பாதியில் நன்றாகச் சிரித்துவிட்டு, இரண்டாம் பாதியில் அடி எங்கே விழுந்தது என்று தெரியாமலே வீடு திரும்புவீர்கள்.

கதை எளியது. ஆண்டு 1905. ரஷ்யப் பேரரசின் ஒரு மூலையில் அனடெவ்கா என்ற சிற்றூர். அங்கே டெவ்யே என்ற ஏழைப் பால்காரர், அவர் மனைவி கோல்டே, ஐந்து பெண் பிள்ளைகள். குதிரை நொண்டிவிட்டால் வண்டியைத் தானே இழுத்துக்கொண்டு போகிறவர் டெவ்யே. போகிற வழியெல்லாம் கடவுளோடு பேசுவார், வாதாடுவார், சில நேரம் கோபித்தும் கொள்வார். ஊரில் திருமணம் என்றால் தரகர் யெண்டே இடம் பார்ப்பார், அப்பா முடிவு செய்வார், பெண் தலையாட்டுவாள். அதுதான் சம்பிரதாயம். மூத்த மகள் சைட்டலுக்கு வசதியான இடம் வருகிறது: மனைவியை இழந்த கறிக்கடைக்காரர், டெவ்யேவைவிட வயதில் மூத்தவர். பேச்சு முடிந்து கையும் கொடுத்தாகிவிட்டது. மகளோ சிறுவயதிலிருந்து உடன் வளர்ந்த ஏழைத் தையல்காரன் மோட்டலைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அழுகிறாள்.

இங்கே டெவ்யே செய்வதைக் கூர்ந்து கவனியுங்கள். மேடையில் மற்றவர்கள் அப்படியே உறைந்து நிற்க, அவர் தனக்குள் தராசு பிடிக்கிறார். ‘ஒருபுறம் பார்த்தால் இப்படி. மறுபுறம் பார்த்தால் அப்படி.’ கடைசியில் மகளின் கண்களைப் பார்க்கிறார், தராசு அவள் பக்கம் சாய்கிறது. இரண்டாவது மகள் ஹோடல் இன்னும் ஒரு படி மேலே போகிறாள். கீவிலிருந்து வந்த புரட்சிக்கார மாணவன் பெர்ச்சிக்கும் அவளும் டெவ்யேவிடம் வந்து நிற்கிறார்கள். அவர்கள் கேட்பது அனுமதியை அல்ல, ஆசியை மட்டும். மறுபடியும் தராசு. மறுபடியும் அப்பா வளைகிறார். அவன் கைதாகி சைபீரியாவுக்கு அனுப்பப்படும்போது, அவனைத் தேடிப் போகும் மகளை அவரே ரயிலடிக்குக் கொண்டுவந்து விடுகிறார்.

மூன்றாவது மகள் ஹாவா. அவள் காதலிக்கும் ஃபியெட்கா யூதன் அல்லன், ரஷ்யக் கிறிஸ்தவன். பாதிரியார் முன்னிலையில் திருமணம் முடிந்துவிடுகிறது. அவள் வந்து ‘எங்களை ஏற்றுக்கொள்ளுங்கள், அப்பா’ என்று கெஞ்சுகிறாள். தராசு மறுபடி வெளியே வருகிறது. ஒருபுறம், மறுபுறம், ஒருபுறம்... இந்த முறை டெவ்யே பாதியில் நின்றுவிடுகிறார். மறுபுறம் என்று ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறார். அதுவரை இரண்டு மணி நேரமாக உங்களைச் சிரிக்க வைத்தது அதே சொற்றொடர்தான். என்னைக் கேட்டால் நாடகம் முழுவதும் இந்த ஒரு நிமிடத்துக்காகக் கட்டப்பட்டது. நல்லவர், நாம் நேசிக்கும் மனிதர், தன் பிள்ளைக்குக் கதவைச் சாத்துகிறார். நாடகம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. அவர் செய்ததைச் சரி என்று சொல்வதுமில்லை.

அவர் ஏன் வளைய முடியவில்லை என்பது புரிய, கொஞ்சம் வரலாறு தேவைப்படும். நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டியது பெரும்பாலும் இதுதான்.

ரஷ்யப் பேரரசில் யூதர்கள் நினைத்த இடத்தில் வாழ முடியாது. 1791இல் இரண்டாம் கேத்தரின் காலத்தில் தொடங்கி 1917 வரை, மேற்கு எல்லைப் பகுதிகளுக்குள் மட்டுமே அவர்களில் பெரும்பாலோர் குடியிருக்க அனுமதி. 1881இல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதும் யூதர்கள் மீது கும்பல் தாக்குதல்கள் வெடித்தன. ‘போக்ரோம்’ என்ற ரஷ்யச் சொல் அப்போதிலிருந்துதான் உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே வந்த சட்டங்கள், அந்த எல்லைக்குள்ளும் கிராமப்புறங்களில் புதிதாகக் குடியேறுவதைத் தடுத்தன. 1903இல் கிஷினேவ் நகரில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1905 அக்டோபரில் ஒடெஸா, கீவ் உள்ளிட்ட பல ஊர்களில் மீண்டும் கொலையும் கொள்ளையும். 1881க்கும் 1914க்கும் இடையில் ஏறக்குறைய 20 லட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவை விட்டு வெளியேறினார்கள், பெரும்பாலோர் அமெரிக்காவுக்கு.

இந்தப் பின்னணியில், அடுத்த தெரு ரஷ்யன் என்பவன் யார்? திருமண வீட்டில் நாற்காலிகளை உடைத்து, தலையணைகளைக் கிழித்துப் போகும் கும்பலும் அதே தெருவிலிருந்துதான் வருகிறது. ஃபியெட்கா நல்லவன். அதை நாடகம் தெளிவாகக் காட்டுகிறது. ஆனால் ஒரு சிறிய இனம் தான் அழிந்துபோகாமல் இருக்கப் போட்டுக்கொண்ட கடைசி வேலியைத் தாண்டித்தான் ஹாவா அவனிடம் போக வேண்டியிருக்கிறது. டெவ்யேவுக்கு மூத்த இரு மகள்களின் திருமணமும் சம்பிரதாயத்தை மீறியது. மூன்றாவது, இருப்பையே தொடுகிறது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் காட்சி வேறு மாதிரி தெரியும்.

மூலக் கதை ஷோலம் அலெய்ஹெம், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழியான யிட்டிஷில் எழுதியது. இயற்பெயர் ராபினோவிச், 1859இல், இன்றைய உக்ரைனில் உள்ள பெரெயாஸ்லாவ் நகரில் பிறந்தவர். புனைபெயரே ஒரு வாழ்த்து. ‘உங்களுக்குச் சமாதானம்’ என்று யூதர்கள் ஒருவரையொருவர் கண்டதும் சொல்வது. பால்காரர் டெவ்யே கதைகளை 1894இலிருந்து 1914 வரை இருபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக எழுதினார். கதைக்கு வயதாக ஆக, டெவ்யேவுக்கும் வயதாகிறது. எல்லாமே டெவ்யே நேரடியாக எழுத்தாளரிடம் சொல்லும் கதைகள். வேத வசனங்களைத் தப்பும் தவறுமாக மேற்கோள் காட்டிக்கொண்டே பேசுவார். 1905 கீவ் வன்முறையைத் தன் கண்ணால் கண்டபின் ஷோலம் அலெய்ஹெம் ரஷ்யாவை விட்டே கிளம்பினார். 1916இல் நியூயார்க்கில் இறந்தபோது இறுதி ஊர்வலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள்.

மூலக் கதைகள் நாடகத்தைவிட இருண்டவை. அங்கே நான்காவது மகள், பணக்கார வீட்டுப் பையனைக் காதலித்துக் கைவிடப்பட்டு நீரில் மூழ்கி உயிரை விடுகிறாள். கோல்டே இறந்துபோகிறாள், தையல்காரன் மோட்டலும் இளம் வயதிலேயே இறக்கிறான். மிக முக்கியமான வேறுபாடு ஹாவாவைப் பற்றியது. மூலத்தில், ஊரை விட்டுத் துரத்தப்படும் நாளில் அவள் கணவனை விட்டு அப்பாவிடம் திரும்பி வருகிறாள். நாடகத்தில் அவள் கணவனோடேயே இருக்கிறாள். ‘இப்படிச் செய்கிறவர்கள் நடுவில் எங்களாலும் இருக்க முடியாது’ என்று இருவரும் சேர்ந்தே ஊரைத் துறக்கிறார்கள். இந்த ஒரு மாற்றம், நாடகம் அரங்கேறிய 1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் கைவண்ணம். இர்விங் ஹவ் போன்ற யிட்டிஷ் இலக்கிய அறிஞர்கள் அப்போதே இந்த நாடகத்தின் மீது கடும் அதிருப்தி தெரிவித்தார்கள். கடினமான வாழ்க்கைக்குச் சர்க்கரை தடவிவிட்டார்கள் என்பது குறை. அந்தக் குறையில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஊர் கொஞ்சம் அதிக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹாவாவின் முடிவை மாற்றியதில் எனக்குக் குறையில்லை. அவள் திரும்பி வந்தால் அப்பாவின் வேலை எளிதாகிவிடும். திரும்பி வராதபோதுதான், கதவைத் திறப்பதா வேண்டாமா என்ற கேள்வி அவர் கையில் கடைசிவரை இருக்கிறது.

நாடகம் உருவான விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேடையில் நீங்கள் பார்க்கும் பலவற்றுக்கு விடை அங்கேதான் இருக்கிறது. இசை ஜெர்ரி பாக், பாடல் வரிகள் ஷெல்டன் ஹார்னிக், வசனம் ஜோசஃப் ஸ்டைன். இயக்கமும் நடனமும் ஜெரோம் ராபின்ஸ். அவருடைய குடும்பப் பெயர் ராபினோவிட்ஸ். ஷோலம் அலெய்ஹெமின் பெயரின் இன்னொரு வடிவம்தான். ஆறு வயதில், தந்தை பிறந்த போலந்துச் சிற்றூரான ரோஜாங்காவுக்குப் போய் ஒரு கோடைக்காலம் இருந்தவர். பிறகு அந்த ஊரின் யூதர்களை நாஜிகள் அழித்துவிட்டார்கள். அந்த இழப்பு இந்த நாடகத்தின் அடியில் ஓடுகிறது. கதையின் முடிவில் சைட்டலும் மோட்டலும் போலந்துக்குப் போகிறோம் என்கிறார்கள். ஹாவாவும் ஃபியெட்காவும் கிராக்கோவுக்கு. நடிப்பவர்கள் அதைச் சாதாரணமாகத்தான் சொல்வார்கள். போலந்துக்கு அடுத்த நாற்பது ஆண்டுகளில் என்ன வரப்போகிறது என்பது அரங்கில் உட்கார்ந்திருக்கும் நமக்கு மட்டும் தெரியும்.

ராபின்ஸ் ஒத்திகைக்கு முந்தைய கூட்டங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டாராம்: இந்த நாடகம் எதைப் பற்றியது? பால்காரரும் அவர் மகள்களும் என்ற பதில் அவருக்குப் போதவில்லை. ஒரு வாழ்க்கை முறை கரைந்துபோவதைப் பற்றியது என்ற விடை கிடைத்த பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற தொடக்கப் பாடல் எழுதப்பட்டது. ஊரார் கைகோத்து ஒரு வட்டமாக வருவார்கள். அந்த வட்டத்தை நினைவில் வையுங்கள். கடைசிக் காட்சியில் அது ஒருமுறை உருவாகி, பிரிந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் போவார்கள்.

டெவ்யேவாக முதலில் நடித்தவர் ஜீரோ மோஸ்டல். இவருக்கும் ராபின்ஸுக்கும் நடுவே ஒரு பழைய காயம் இருந்தது. 1953இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் ராபின்ஸ் தன் சகாக்கள் சிலரைக் கம்யூனிஸ்டுகள் என்று பெயர் சொல்லிக் காட்டிக்கொடுத்தார். அதே குழுவின் முன் 1955இல் நின்ற மோஸ்டல் ஒருவர் பெயரையும் சொல்ல மறுத்தார். ஆண்டுக்கணக்கில் திரைப்பட வாய்ப்பு இல்லாமல் கிடந்தவர். அப்படிப்பட்ட இருவர் சேர்ந்து உருவாக்கியது இது. யூத வீடுகளின் நிலைக்காலில் வேத வசனம் எழுதிய சுருள் வைத்த ஒரு சிறு பேழை பதித்திருக்கும், பெயர் மெசூசா. உள்ளே வரும்போது அதைத் தொட்டு விரலை முத்தமிடுவது வழக்கம். ஒத்திகையில் மோஸ்டல் அப்படிச் செய்ய, ராபின்ஸ் வேண்டாம் என்றார். அடுத்த முறை மோஸ்டல் அதே இடத்தில் கிறிஸ்தவர்களைப் போல மார்பில் சிலுவைக் குறி போட்டாராம். ராபின்ஸ் விட்டுக்கொடுத்தார். இன்றும் எந்த மேடையிலாவது டெவ்யே நிலைக்காலைத் தொட்டால், எனக்கு இந்தச் சண்டைதான் நினைவுக்கு வரும்.

பணக்காரனாக இருந்தால் என்ன செய்வேன் என்று டெவ்யே கனவு காணும் பாட்டிலும் மோஸ்டலின் பிடிவாதம் உண்டு. மாடிப்படி, வாத்து, கோழி என்று வேடிக்கையாகப் போகும் பாட்டு, முடிவில் தணிந்து, தொழுகைக் கூடத்தில் நல்ல இடத்தில் உட்கார்ந்து பெரியோர்களோடு வேத நூல்களைப் பற்றிப் பேச நேரம் கிடைக்குமே என்று ஏங்குகிறது. சிரிப்பு அடங்கிவிடுகிறதே என்று அந்தப் பகுதியை நீக்க ஹார்னிக் நினைத்தார். அந்த மனிதன் யார் என்பதே அந்த வரிகளில்தான் இருக்கிறது என்று மோஸ்டல் விடவில்லை. அவர் சொன்னதே சரி.

1964 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கில் அரங்கேறிய நாடகம் 1972 ஜூலை வரை 3,242 முறை நடந்தது. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அதுவரை எந்த இசை நாடகமும் 3,000ஐத் தாண்டியதில்லை. பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதுகள் ஒன்பது. யூதரல்லாதவருக்குப் புரியுமா என்ற உங்கள் ஐயத்துக்கு 1967ஆம் ஆண்டு டோக்கியோவிலேயே விடை கிடைத்துவிட்டது. அங்கே நாடகத்தைத் தயாரித்தவர் ஜோசஃப் ஸ்டைனிடம், இது அமெரிக்காவில் புரிகிறதா, இவ்வளவு ஜப்பானியத்தனமாக இருக்கிறதே என்று கேட்டதாக ஸ்டைன் பிற்காலத்தில் சொல்லி மகிழ்வார்.

இசையைப் பற்றி, கர்நாடக சங்கீதக் காது உள்ளவர்களுக்காக ஒன்று. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் தொழுகைப் பாட்டிலும் திருமண வாத்திய இசையிலும் அடிக்கடி வரும் ஒரு சுர அமைப்பு உண்டு. அதன் சுர வரிசை நம் 14ஆம் மேளகர்த்தாவான வகுளாபரணத்துடன் அப்படியே ஒத்துப்போகிறது: சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். கமகமும் நடையும் வேறு, ஆனால் வாத்தியங்கள் அந்தப் பக்கம் திரும்பும்போது உங்களுக்கு அந்நியமாக இருக்காது.

இனி சுற்றுப்பயண மேடையேற்றம். நான் பார்த்து வியந்தது பார்ட்லெட் ஷேர் இயக்கியது. 2015இல் பிராட்வேயில் தொடங்கி, 2018 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் சிராக்கியூஸ் நகரிலிருந்து வட அமெரிக்கச் சுற்றுப்பயணம் கிளம்பியது. டெவ்யேவாக இஸ்ரேலிய நடிகர் யெஹெஸ்கெல் லாசரோவ். அதே மாதத்தின் இறுதியில்தான் பிட்ஸ்பர்கில் ஒரு யூதத் தொழுகைக் கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் குழு எந்த ஊருக்குப் போனாலும், அனடெவ்காவின் திருமண வீட்டுக்குள் கும்பல் நுழையும் காட்சியில் பார்வையாளர்கள் 1905ஐ மட்டும் நினைத்திருக்க முடியாது.

ஷேர் பதின்ம வயதில்தான் தன் தந்தை யூதர் என்று அறிந்துகொண்டவர். அவருடைய தொடக்கம் இப்படி: வெறும் மேடை. தலையில் தொப்பியில்லாத ஒருவர், இன்றைய காலத்துச் சிவப்புக் கோட்டில், அனடெவ்கா என்ற பெயர்ப் பலகை அருகே நின்று ஒரு புத்தகத்தை வாசிக்கிறார். வாசித்தபடியே கோட்டைக் கழற்றுகிறார், டெவ்யே ஆகிறார். முடிவில், மூட்டை முடிச்சுகளோடு ஊர் வரிசையாகப் போகும்போது அதே சிவப்புக் கோட்டுடன் வந்து அந்த வரிசையில் சேர்ந்து நடக்கிறார். ஒரு வசனமும் கிடையாது. திரைப்படத்தில் இது இல்லை. நீங்கள் நினைவில் வைத்திருக்கும் 1971ஆம் ஆண்டுப் படம், யூகோஸ்லாவியாவின் உண்மையான வயல்களிலும் சேற்றிலும் எடுக்கப்பட்டது. அது ஒரு ஊரைக் காட்டுகிறது. மேடையிலோ நாலு பலகையும் ஒரு கதவுச் சட்டமும்தான் ஊர். மனிதர்கள் விலகினால் அங்கே ஒன்றும் மிஞ்சாது. இந்தக் கதைக்கு அந்த வெறுமை பொருத்தமாக இருக்கிறது.

நடனம் ஹோஃபெஷ் ஷெக்டருடையது. ராபின்ஸின் அசைவுகளை அடியொற்றி, தரையோடு அழுந்திய, வியர்வை தெறிக்கும் ஆட்டமாக மாற்றியிருந்தார். புட்டி நடனம் உண்டு, கவலை வேண்டாம். தொப்பி மீது புட்டியை நிறுத்திக்கொண்டு வரிசையாக மண்டியிட்டு நகர்வார்கள். ராபின்ஸ் இதற்காகப் பழமைவாத யூதர்களின் திருமணங்களுக்குப் போய்ப் பார்த்துக் கற்றார். ஒருவர் புட்டியைத் தலையில் வைத்து ஆடியதைக் கண்டு, அதை வளர்த்தெடுத்தார். பசையோ காந்தமோ வைப்பதில்லை என்பது நடனக் கலைஞர்களின் பெருமை. சில இரவுகளில் புட்டி விழும். விழுந்தாலும் ஆட்டம் நிற்காது.

இவற்றைக் கேட்டுவிட்டுச் சின்னச் சின்ன வழக்கங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றி ஓய்வுநாளை வரவேற்பது, திருமண விதானத்தின் கீழ் மணமகன் கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைப்பது எல்லாம் பார்த்தாலே புரிந்துவிடும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். திருமணத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே ஆட வேண்டும், நடுவே கயிறு கட்டியிருக்கும். பெர்ச்சிக் அதைத் தாண்டிப் போய் ஹோடலை ஆட அழைப்பது அந்த ஊருக்கு ஒரு பூகம்பம். அந்தக் கயிற்றின் மேல் கண் இருக்கட்டும்.

நடைமுறையில் சில. இடைவேளையோடு ஏறக்குறைய மூன்று மணி நேரம், முதல் பாதி நீளம். தாமதமாகப் போனால் தொடக்கப் பாடலை இழப்பீர்கள். அதை இழந்தால் வட்டத்தை இழந்தீர்கள். நடன அணிகளின் வடிவம் மாடியின் முன்வரிசையிலிருந்துதான் முழுதாகத் தெரியும், ஆகவே விலை உயர்ந்த கீழ் இருக்கைக்கு ஆசைப்பட வேண்டாம். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தயங்காமல் அழைத்துப் போகலாம். டெவ்யே மனைவியை ஏமாற்றச் சொல்லும் பொய்க் கனவுக் காட்சியில் பேய் வரும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று, தவறவிட்டுவிடாதீர்கள். மூன்று நாளில் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. வண்டியில் சாமான் ஏறுகிறது. ஹாவாவும் ஃபியெட்காவும் விடைபெற வருகிறார்கள். டெவ்யே முகம் கொடுப்பதில்லை, கயிறு கட்டும் வேலையில் குனிந்திருக்கிறார். மூத்தவள் சைட்டல்தான் தங்கைக்குப் பதில் சொல்லி வழியனுப்புகிறாள். அப்போது அப்பா நிமிராமலே, யாருக்கும் கேட்காதது போல, கடவுள் உங்களோடு இருக்கட்டும் என்று சொல் என முணுமுணுக்கிறார். சைட்டல் அதை உரக்கச் சொல்கிறாள். ஹாவாவின் முகம் மாறுகிறது. அங்கே பாட்டு இல்லை, இசை எழும்பி உங்களை எச்சரிக்காது. பக்கத்து இருக்கையில் யாராவது மிட்டாய்த் தாளைப் பிரித்தால்கூட அந்தச் சொற்கள் காதில் விழாமல் போய்விடும். சாமான் மூட்டைகள் மேடைக்கு வரத் தொடங்கியதும் டெவ்யேவின் வாயையே பார்த்துக்கொண்டிருங்கள்.